கழுத்துப் பட்டியைப் பார்த்த குழந்தை



இந்த வாரத் தியானத்தை வேதபகுதியிலிருந்து தொடங்காமல் ஒரு வீட்டிலிருந்து தொடங்குகிறேன். கடந்த வியாழக்கிழமை மாலை, பட்டினப்பாக்கம் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் வசிக்கும் நம் சபைக் குடும்பம் ஒன்றைச் சந்திக்கச் சென்றிருந்தேன். அவ்வீட்டுத் தம்பி ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். அவர்களுடைய தலைப்பிள்ளைக்கு அன்றோடு பதினாறு வாரம் நிறைந்திருந்தது. அன்று நான் கறுப்புச் சட்டையும் வெள்ளைக் கழுத்துப் பட்டியும் அணிந்திருந்தேன். குழந்தையை வாங்கி மடியில் கிடத்திக்கொண்டேன். அது என் முகத்தை நோக்கவில்லை. என் கழுத்தையே இமை கொட்டாமல் நோக்கிற்று.

"பாஸ்டர் பட்டியவே பாக்குறான் பாருங்க. ஊழியத்துக்குத்தான் வரப்போறான்" என்று பாட்டி மகிழ்ந்தார். ஊழியத்துக்கு வருவானோ மீன் பிடிக்கப் போவானோ, நான் அறியேன். மீன் பிடிக்கப் போனவர்களே ஊழியத்துக்கு வந்த கலிலேயாக் கடற்கரையையும் நாம் அறிவோம். ஆனால் அந்தப் பார்வையின் காரணம் எனக்குத் தெரிந்திருந்தது. இளங்குழவியின் கண்ணுக்கு முதலில் பிடிபடுவது நிறமுமன்று, உருவமுமன்று; கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் விளிம்பு. முகத்திலுங்கூட அது முதலில் காண்பது நெற்றியும் தலைமயிரும் சேரும் எல்லையைத்தான். என் கறுப்புச் சட்டையின் நடுவே வெண்கீற்றாய்த் தெரிந்த பட்டியைவிடக் கவர்ச்சியான பொருள் அந்த அறையில் வேறொன்றும் இருந்திருக்காது.

இதைப் பிறந்த குழந்தைகளின் தாய்மார் அறிந்துகொள்வது நல்லது. பச்சிளங்குழந்தை குருடன்று; தெளிவாகக் காண்பதுமன்று. ஏறத்தாழ இருபது முதல் முப்பது சென்டிமீட்டர் தொலைவில் இருப்பது மட்டுமே அதற்கு ஓரளவு புலப்படும். அந்தத் தொலைவு எது? பால் குடிக்கும் வாயிலிருந்து தாயின் முகம் வரையுள்ள தொலைவு. அதற்கப்பால் உள்ள மின்விசிறி, சுவரிலுள்ள வசனக் காலண்டர், எட்டிப் பார்க்கும் உறவினர் எல்லாம் அதற்கு மூடுபனியே. தமிழில் கண்ணின் நடுவட்டத்தைப் 'பாவை' என்கிறோம். பொம்மைக்கும் அதுவே பெயர். எதிரே இருப்பவரின் சிற்றுருவம் அவ்வட்டத்தில் பொம்மைபோல் தெரிவதால் வந்த பெயர் அது. பாலூட்டும் தாய் குனிந்து நோக்கினால் அந்தப் பாவையில் காண்பது தன்னையே.

ஆறாவது எட்டாவது வாரங்களில் குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும். உறக்கத்தில் உதடு விரியும் சிரிப்பு வேறு. இது நம்மைக் கண்டு சிரிக்கும் சிரிப்பு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் ஆற்றல் இரண்டாம் மாதத்தை ஒட்டி வருகிறது. நீலமும் மஞ்சளும் சற்றுப் பின்னர். மூன்றாம் மாதத்தில் அசையும் பொருளைக் கண் தொடரும். அதுவரை இரு கண்களும் அவ்வப்போது வெவ்வேறு பக்கம் ஓடுவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நான்காம் மாதமளவில் இரண்டும் ஒருங்கிசைந்து, பொருள் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்னும் உணர்வு பிறக்கும். கை நீட்டிப் பற்றுவதும் அப்போதுதான். நம் வீடுகளில் சேலைத் தொட்டிலில் கிடத்துகிறோம். அது நல்ல உறக்கம் தரும். ஆனால் மடிப்புகளுக்குள் கிடக்கும் பிள்ளைக்குச் சேலையின் கரையைத் தவிரக் காண ஒன்றுமில்லை. விழித்திருக்கும் வேளையில் வெளியே எடுத்து மடியில் வைத்துப் பேசுங்கள்.

இவற்றையெல்லாம் நான் இறையியல் கல்லூரியில் கற்கவில்லை. ஒரு தவறு செய்த பிறகு கற்றேன். அதை இன்று எழுத வேண்டும் என்று பல நாள் எண்ணியிருந்தேன்.

2005ஆம் ஆண்டு. ஆழிப்பேரலை வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. சீனிவாசபுரத்தில் அலை அடித்துச் சென்ற குடிசைகளின் இடத்தில் தார்ப்பாய்க் கூடாரங்கள் நின்றன. நான் அப்போது இப்பகுதியில் உதவி ஆயர். அரிசி, பாய், அடுப்பு என்று கணக்கெழுதிக் கொடுப்பதே பகலெல்லாம் வேலை. ஒரு நாள் மாலை ஓர் இளந்தாய் வந்து நின்றார். இடுப்பில் நான்கு மாதப் பெண் குழந்தை. "பாஸ்டர், புள்ள என்னையப் பாக்கவே மாட்டேங்குது. குரல் குடுத்தா திரும்புது. மூஞ்சியப் பாக்கல" என்றார். அவருடைய மாமியார் அருகில் நின்று, "கிரகணத்துல வெளிய போகாதேன்னு சொன்னேன், கேட்டாளா?" என்றார்.

நான் மாமியாரைக் கடிந்துகொண்டேன். பிறவிக் குருடனைக் கண்டு, பாவம் செய்தவன் இவனா இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்டபோது, இருவருமல்லர் என்று ஆண்டவர் மறுத்ததை யோவான் சுவிசேஷத்திலிருந்து எடுத்துச் சொன்னேன். அது சரியான பேச்சு. அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் தாயின் பக்கம் திரும்பி, "எல்லாக் குழந்தைகளும் தொடக்கத்தில் அப்படித்தான் அம்மா. போகப் போகப் பார்க்கும். ஜெபிப்போம்" என்றேன். ஜெபித்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். நான் மறுபடியும் பாய்க் கணக்கில் அமர்ந்தேன்.

நான் சொன்னது ஒரு மாதக் குழந்தைக்கு உண்மை. நான்கு மாதக் குழந்தைக்கு உண்மையன்று. அந்த வேறுபாடு எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் எனக்குத் தெரியாது. அதற்குள் எனக்கு இடமாற்றமும் வந்துவிட்டது.

குழந்தைக்குப் பதினான்கு மாதமானபோது, தெருவில் நடந்த கண் பரிசோதனை முகாம் ஒன்றில் கைவிளக்கு அடித்துப் பார்த்தவர் இரண்டு பாவைகளிலும் வெண்மை படர்ந்திருப்பதைக் கண்டார். பிறவிக் கண்புரை. காரணம் இன்னதென்று மருத்துவர்கள் சொல்லவில்லை. கிரகணம் அன்று என்பது மட்டும் உறுதி. இரு கண்களிலும் அறுவை செய்து புரையை அகற்றினார்கள். அறுவை நன்றாகவே நடந்தது. ஆயினும் பார்வை முழுமையாக வரவில்லை. இன்று அந்தப் பெண் கல்லூரியில் படிக்கிறாள். தடித்த கண்ணாடி, விழிகள் ஓயாமல் சிறிது அசைந்தபடியே இருக்கும். பாடற்குழுவில் பாட்டுப் புத்தகத்தை மூக்கருகே வைத்துப் பாடுகிறாள்.

புரையை அகற்றிவிட்டால் பார்வை வர வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டேன். முதியவருக்கு வரும் கண்புரைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. நம் சபைப் பெரியவர்கள் பலர் 1819இல் தொடங்கப்பட்டு இப்போது எழும்பூரில் உள்ள அரசு கண் மருத்துவமனையிலும் மற்ற இடங்களிலும் புரை நீக்கிக்கொண்டு, மறுவாரமே வேதாகமம் வாசிக்க வந்துவிடுகிறார்கள். அவர்களுடைய மூளை அறுபது ஆண்டுகளாகக் காணக் கற்றிருக்கிறது. மங்கிய கண்ணாடியைத் துடைத்தால் போதும். குழந்தையின் மூளையோ அப்போதுதான் காணக் கற்கிறது. கண்ணிலிருந்து தெளிவான உருவங்கள் வந்து விழ விழத்தான் மூளையில் பார்வைக்குரிய நரம்பு இணைப்புகள் அமைகின்றன. டேவிட் ஹ்யூபல், டோர்ஸ்டன் வீஸல் என்னும் இரு அறிஞர்கள் பூனைக்குட்டிகளைக் கொண்டு இதை நிறுவினார்கள். பிறந்த சில வாரங்களில் ஒரு கண் மூடப்பட்டிருந்தால், பின்னர் அதைத் திறந்துவிட்டாலும் மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்துவதில்லை என்று கண்டார்கள். 1981இல் அவர்கள் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆகையால்தான் அடர்ந்த பிறவிக் கண்புரையைப் பிறந்து ஆறு எட்டு வாரங்களுக்குள் அகற்றிவிட வேண்டும் என்கிறார்கள். நான் "போகப் போக" என்று சொன்ன நாளிலேயே காலம் கடந்திருந்தது. ஆனாலும் நான்காம் மாதத்துக்கும் பதினான்காம் மாதத்துக்கும் இடையே இன்னும் பத்து மாதங்கள் இருந்தன. அந்தப் பத்து மாதங்கள் என் கணக்கில் இருக்கின்றன.

'கண்ணும் கருத்துமாய்' என்று தமிழில் இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம். கண் மட்டும் திறந்தால் போதாது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய சான்று உண்டு. மதுரை அரசரடியில் நான் இறையியல் பயின்றபோது, தத்துவ வகுப்பில் ஒரு பழைய வினாவைப் படித்தோம். 1688இல் அயர்லாந்தைச் சேர்ந்த வில்லியம் மோலினியூ என்பவர் ஜான் லாக்கிற்கு எழுதிக் கேட்டது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவன், உருண்டையையும் கனசதுரத்தையும் தடவிப் பிரித்தறியப் பழகியிருக்கிறான். திடீரென்று பார்வை வந்தால், தொடாமலே எது உருண்டை, எது சதுரம் என்று அவனால் சொல்ல முடியுமா? மோலினியூவின் மனைவி பார்வை இழந்தவர் என்பதால் அது அவருக்கு வெறும் தத்துவ விளையாட்டாக இருந்திருக்காது. வகுப்பில் நாங்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதாடினோம். விடை கிடைக்கும் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

விடை டெல்லியிலிருந்து வந்தது. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் பணியாற்றும் பவன் சின்ஹா, 'பிரகாஷ்' என்னும் பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். வட இந்தியக் கிராமங்களில் கண்புரை முதலியவற்றால் பிறவியிலிருந்தே பார்வையின்றி வளர்ந்த பிள்ளைகளைக் கண்டுபிடித்து, டெல்லியில் டாக்டர் ஷ்ராஃப் கண் மருத்துவமனையில் அறுவை செய்வித்தார். 8 முதல் 17 வயது வரையிலான ஐந்து பிள்ளைகளிடம், கட்டு அவிழ்த்த இரண்டு நாட்களுக்குள், மோலினியூவின் வினாவைச் சோதித்தார்கள். முடிவு 2011இல் வெளியாயிற்று. தொட்டறிந்த பொருளைக் கண்ணால் அடையாளம் காண அவர்களால் இயலவில்லை; ஏறக்குறைய குருட்டாம்போக்கில்தான் சொன்னார்கள். ஆனால் சில நாட்கள் சென்றபின் மறுபடி சோதித்தபோது பெரிதும் தேறியிருந்தார்கள். இத்தனை வயதுக்குப் பின் மூளை எதையும் கற்காது என்று மருத்துவ உலகம் கருதிவந்தது. அது முழு உண்மையன்று என்பதும் அந்தப் பிள்ளைகளால் தெரியவந்தது. கூர்மையான பார்வை அவர்களுக்கு வரவில்லை. முகம், பொருள், வழி ஆகியவற்றை அறியும் அளவுக்கு வந்தது.

இதை வாசித்த பிறகு, பெத்சாயிதாவில் நடந்த அற்புதத்தை நான் வேறுவிதமாக வாசிக்கிறேன். மாற்கு மட்டுமே எழுதிவைத்த நிகழ்ச்சி அது. ஆண்டவர் குருடனைக் கைப்பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துச் சென்று தொடுகிறார். என்ன தெரிகிறது என்று வினவுகிறார். மனிதர் நடமாடும் மரங்களாகத் தோன்றுகிறார்கள் என்கிறான் அவன். இரண்டாம் முறை தொட்ட பின்னரே தெளிவு. ஒரே தொடுதலில் முடியாமற்போனது ஏன் என்று சங்கடப்பட்டு விளக்கம் சொல்லும் பிரசங்கங்களை நிறையக் கேட்டிருக்கிறேன், நானும் செய்திருக்கிறேன். இப்போது எனக்கு வியப்பு வேறிடத்தில். என்ன தெரிகிறது என்று அவர் கேட்கிறாரே! குணமாகிவிட்டது, போ என்று அனுப்பிவிடவில்லை. அவன் அரைகுறை என்று சொன்னதும் அதை ஏற்று மறுபடியும் கை வைக்கிறார். 2005இல் அந்தத் தாய் என் முன் நின்று என்ன தெரியவில்லை என்று தெளிவாகச் சொன்னார். நான் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு மாற்றலாகி நான் மீண்டும் இப்பகுதிக்கு வந்தேன். ஆராதனை முடிந்து ஒரு ஞாயிறன்று அந்தத் தாயிடம் தனியே பேசினேன். நான் சொன்னது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். மன்னிப்புக் கேட்டேன். சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, "நீங்க சொன்னத நம்பணும்னு எனக்கும் இருந்துச்சு பாஸ்டர்" என்றார். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வதா இல்லையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவர் ஞாயிறுதோறும் வருகிறார்.

இனி, என் பட்டியைப் பார்த்த குழந்தைக்கு வருகிறேன். அவன் முப்பத்தோராவது வாரத்திலேயே பிறந்தவன். எடை 1450 கிராம். இருபத்தைந்து நாள் மருத்துவமனையில் இருந்து வீட்டுக்கு வந்தான். கொடுத்தனுப்பிய சீட்டில், இருபத்தெட்டாம் நாள் கண் பரிசோதனைக்குக் கொண்டுவர வேண்டும் என்று எழுதியிருந்தது. நாற்பது நாள் முடியும் முன் பச்சைப் பிள்ளையை வெளியே தூக்கக் கூடாது என்றார் பாட்டி. கண் நன்றாகத்தானே இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள் மற்றவர்கள். நான் ஜெபிக்கச் சென்றிருந்தேன்; சீட்டை வாங்கி வாசித்தேன்; ஆட்டோவை அழைத்தேன். பாட்டிக்கு என்மேல் வருத்தம்.

விழித்திரையின் இரத்தக் குழாய்கள் கருவின் பதினாறாவது வாரமளவில் கண்ணின் பின்புற நடுவிலிருந்து கிளைக்கத் தொடங்கி, விளிம்பைச் சென்று சேரப் பிரசவ நாள் நெருங்கிவிடும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பயணம் பாதியில் நிற்கிறது. பின்னர் குழாய்கள் தாறுமாறாக முளைத்து, தழும்பாகி, விழித்திரையையே இழுத்துப் பெயர்த்துவிடக்கூடும். வெளியிலிருந்து பார்த்தால் கண் அழகாகவே இருக்கும். அதுதான் இந்நோயின் வஞ்சகம். ஆகவே 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளுக்கு முப்பது நாளுக்குள் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாக.

நம் சென்னையிலேயே 1996இல் ஓர் அரசு மருத்துவமனையில் 29ஆம் வாரத்தில் 1250 கிராம் எடையுடன் பிறந்த பெண் குழந்தை ஒன்றுக்கு இந்தப் பரிசோதனை செய்யப்படவில்லை. செய்ய வேண்டும் என்று பெற்றோருக்குச் சொல்லப்படவுமில்லை. அவள் பார்வையை இழந்தாள். தந்தை வழக்காடினார். 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் வழங்க உத்தரவிட்டது. அப்போது அந்தப் பெண்ணுக்கு வயது பதினெட்டு. இன்று உங்கள் பிள்ளையின் கையில் ஒரு சீட்டு கொடுக்கப்படுகிறதென்றால், அந்தத் தந்தை பதினெட்டு ஆண்டு நடந்த நடைக்கும் அதில் பங்குண்டு என்றே நான் எண்ணுகிறேன்.

பரிசோதனை பார்க்கச் சகிக்காதது, முன்பே சொல்லிவைக்கிறேன். பாவை விரிய மருந்துச் சொட்டு விட்டு, மறுபடி விட்டு, காத்திருக்க வேண்டும். குழந்தையைத் துணியால் இறுகச் சுற்றி, இமைகளைச் சிறு கம்பியால் விலக்கி, தலையில் விளக்கு மாட்டிய மருத்துவர் உள்ளே நோக்குவார். பிள்ளை அலறும். தாய் வெளியே நின்று அழுதார். நான் ஜெபிக்க முயன்று, முடியாமல், அவருடைய பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நோய் இருக்கிறது, இரண்டு வாரத்தில் வாருங்கள் என்றார்கள். இரண்டாம் முறை அது முற்றியிருந்தது. மறுநாளே லேசர் சிகிச்சை. குழாய் சென்று சேராத விளிம்புப் பகுதியை லேசரால் சுட்டுவிடுகிறார்கள்; ஓரப் பார்வையில் சிறிது போகும், நடுப் பார்வை காக்கப்படும். தம்பி அன்று கடலுக்குப் போகவில்லை.

வியாழக்கிழமை தாய் என்னிடம் கேட்டது இதுதான்: பதினாறு வாரம் ஆகிறது, இன்னும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லையே? நான் உடனே விடை சொல்லவில்லை. இருவரும் சேர்ந்து கணக்குப் போட்டோம். ஒன்பது வாரம் முன்னதாகப் பிறந்தவன். பிரசவ நாள் என்று முதலில் குறித்த நாளிலிருந்து எண்ணினால் அவனுக்கு ஏழு வாரமே. மருத்துவர்கள் அதைத் திருத்திய வயது என்கிறார்கள். சிரிப்புக்குக் காலம் இன்னும் கடந்துவிடவில்லை. ஆனாலும் அதை என் வாக்காக வைத்துக்கொள்ள வேண்டாம், இதே கேள்வியை மருத்துவரிடம் கேளுங்கள் என்றேன். சீட்டின் பின்புறத்தில் கேள்வியை எழுதியும் கொடுத்தேன்.

தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். கைக்குழந்தையின் கண்ணுக்குள் மை தீட்ட வேண்டாம். பாவையில் வெண்மை தெரிந்தாலோ, கைப்பேசியில் எடுத்த படங்களில் ஒரு கண் மட்டும் மீண்டும் மீண்டும் வெண்மையாய்ப் பளிச்சிட்டாலோ, வெளிச்சம் கண்டு கூசி நீர் வடிந்தாலோ, மூன்று மாதமாகியும் கண் எதையும் தொடராவிட்டாலோ, நான்கு மாதத்துக்குப் பின்னும் கண் ஒருபுறம் ஓடினாலோ மருத்துவரிடம் செல்லுங்கள். ஒன்பதாம் மாதத்திலிருந்து கொடுக்கப்படும் வைட்டமின் ஏ சொட்டு மருந்தைத் தவறவிடாதீர்கள். என்னிடம் வாருங்கள், ஜெபிப்போம். ஆனால் முதலில் என்னிடம் வர வேண்டாம்.

வரும் செவ்வாய்க்கிழமை காலை அந்தக் குழந்தைக்கு அடுத்த பரிசோதனை. நானும் உடன் செல்கிறேன். மருத்துவமனையில் நேரமாகும் என்பதால், சீனிவாசபுரத்தில் செவ்வாய் பகலில் நடக்கவிருந்த வீட்டு ஜெபக்கூட்டம் புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு மாற்றப்பட்டிருக்கிறது. பாட்டுப் புத்தகங்களைப் பெரிய எழுத்தில் அச்சடித்துத் தர ஒருவர் முன்வந்திருக்கிறார். வேண்டியவர்கள் பாடற்குழுவிடம் பெயர் கொடுங்கள்.